மாசித் தக்காளியும் ஆடி விலையும்: குழுத் தோழிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாதம் தவறாமல் பாய் விரித்து உட்கார்ந்து, சேமிப்பை எண்ணி, உள்கடன் பிரித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற எல்லா மகளிர் குழுப் பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் உங்களோடு அந்தப் பாயில் உட்காருகிறவள்தான். கூட்டம் தொடங்கினால் தவணை, வங்கி, அடுத்த பயிற்சி யாருக்கு என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. சமையலறைச் செலவைப் பற்றிப் பேச முறையே வருவதில்லை. அதனால் எழுதிவிட்டேன். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நம் ஊரில் காயும் பழமும் கேட்பாரற்றுக் கிடக்கிற மாதங்களில் அவற்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்குங்கள். உப்பையும் வெயிலையும் வைத்துப் பதப்படுத்தி, அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுங்கள். விற்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மாசி, பங்குனியில் பாலக்கோட்டுப் பக்கமோ ராயக்கோட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். வரத்து கூடிய நாட்களில் தக்காளிக்குப் பறிகூலி கூடக் கட்டாது. செடியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. வண்டிச் சத்தம் கொடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்து, கேட்ட விலையைக் கண்டு மனம் வெறுத்து ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த ரோட்டில்தான் நாம் பஸ்ஸில் போகிறோம். நான்கு மாதம் கழித்து ஆனியில், ஆடியில் அதே தக்காளிக்கு நாமே கடைக்காரரிடம் கெஞ்சுகிறோம். 2023 ஜூலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சில்லறை விலை நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க வேண்டி வந்தது. வீடுகளில் ரசத்துக்குப் பாதித் தக்காளி, குழம்புக்கு வெறும் புளி என்று ஓடியது. அந்த ஆண்டே செப்டம்பர் வருவதற்குள் விலை கீழே விழுந்து, விளைவித்தவர்கள் மறுபடி நஷ்டப்பட்டார்கள்.

விலை இப்படி ஏறி இறங்குவதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். பறித்துச் சில நாள் தாண்டினால் கனிந்து உடைகிறது. வெங்காயம் போல வைத்திருந்து விற்க முடியாது. விலை நல்லபடியாக இருந்த பருவத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்று நடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கிறது. வெயில் கடுமையான மாதங்களில் பூ உதிர்ந்து காய்ப்பு குறைகிறது, ஐப்பசி மழையில் செடி அழுகுகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கிறது. 2018-இல் மத்திய அரசு தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்குமாக 500 கோடி ரூபாயில் ஒரு திட்டமே அறிவித்தது. பெரிய திட்டங்கள் அவற்றின் வேகத்தில் நடக்கட்டும். நம் வீட்டு மாடியில் ஆகக்கூடியதை நாம் செய்யலாம்.

இதை வேறு ஊர்ப் பெண்களிடம் கேட்பதைவிட உங்களிடம் கேட்க எனக்கு உரிமை அதிகம். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் முதலில் வேரூன்றியது நம் மண்ணில்தான். 1989-இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் இதே மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், வங்கி வாசற்படி ஏறாதவர்கள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் காசு ஒளித்தவர்கள், இவர்களெல்லாம் கூடித்தான் சேமிப்பைப் பழகினார்கள். கையில் காசு இருக்கிற நாளில் கொஞ்சம் எடுத்து வைத்து இல்லாத நாளில் எடுத்துக்கொள்கிற அந்தப் பழக்கத்தைத்தான் தக்காளிக்கும் மாங்காய்க்கும் கேட்கிறேன்.

இந்த இடத்தில் பயிற்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்யக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல பயிற்சிகள்தான், சொல்லிக் கொடுக்கிறவர்கள் அக்கறையோடு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் முடிவில் ஒவ்வொரு முறையும் ‘தொழில் தொடங்குங்கள்’ என்றுதான் வந்து நிற்கிறது. தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், லேபிள் வேண்டும், பாட்டில் வேண்டும், கடை கடையாக ஏறி இறங்க ஆள் வேண்டும், கொடுத்த சரக்குக்குப் பணம் வர மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கி மிக்ஸியும் பாட்டிலும் வாங்கிய குழுக்கள் கண்காட்சி முடிந்ததும் மீந்த பாட்டில்களைத் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக நடத்துகிற குழுக்களும் இருக்கின்றன, அவர்களுக்கு என் வணக்கம். எல்லோருக்கும் அது வாய்க்காது. வீட்டுக்குச் செய்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் நம் பிள்ளைகள். பணம் வரவில்லையே என்ற கவலை இல்லை, ஆடி மாதத்தில் கடைக்குப் போகாத பணம் அப்படியே கையில் நிற்கிறது.

சரி, எதைச் செய்தால் உண்மையிலேயே காசு மிஞ்சும்? பதப்படுத்துவதெல்லாம் சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தக்காளித் தொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி மலிந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கிலோ 10 ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஐந்து கிலோவுக்கு 50 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் அது கெடாமல் நிற்க மேலே மிதக்கிற அளவு நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும். இன்றைக்கு நல்லெண்ணெய் விற்கிற விலையில் எண்ணெய்க்கே நூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். தண்ணீர் வற்றிச் சுருளுகிற வரை அடுப்பு எரிய வேண்டும், கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம் தனி. கடையில் வாங்குகிற தொக்கைவிட மலிவாக வரும், ருசியாகவும் இருக்கும். ஆனால் தொக்கு தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற பண்டம். ஆடி மாதத்துக் குழம்புக்கு அது தக்காளியாக ஆகாது. தக்காளி மலிவாக வாங்கியதால் மிஞ்சிய காசு எண்ணெயிலும் கேஸிலும் போய்விட்டது என்பதுதான் அதன் கணக்கு.

வற்றல் அப்படியில்லை. எண்ணெய் வேண்டாம், அடுப்பு வேண்டாம். மாசி, பங்குனி வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. இருபது கிலோ தக்காளி பத்து ரூபாய் விலையில் 200 ரூபாய். அரைக் கிலோ கல்லுப்பு. செலவு அவ்வளவுதான். இருபது கிலோ காய்ந்தால் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை வற்றல் நிற்கும். ஒரு நாள் சமையலுக்குக் கால் கிலோ தக்காளி போடுகிற வீட்டுக்கு அது எண்பது நாள் வரும். ஆனி, ஆடி, ஆவணி கிட்டத்தட்டத் தாண்டிவிடும். 2023 போன்ற ஆண்டாக இருந்தால் நல்ல மிச்சம். எல்லா ஆண்டும் அப்படி விலை ஏறாது. கிலோ நாற்பது, ஐம்பது விற்கிற சாதாரண ஆடியாக இருந்தாலும் அறுநூறிலிருந்து எண்ணூறு ரூபாய் வரை கையில் நிற்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, இவ்வளவுதான் என்று தெரிந்தே செய்யுங்கள். தக்காளி ஒன்றில் எண்ணூறு. மாங்காயும் புளியும் அவரையும் அதோடு சேர்ந்தால் ஒரு தவணையே கட்டிவிடலாம்.

தக்காளி வற்றல் போடுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதில் அவசரப்பட்டால்தான் பூசணம் பிடிக்கிறது.

நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அருமை, வற்றலுக்கு அவ்வளவு சரிப்படாது. சாறும் விதையும் அதிகம், சதை குறைவு. முட்டை வடிவில் கெட்டியாக இருக்கிற ஹைப்ரிட் தக்காளியே மேல். நன்றாகச் சிவந்து, தோல் வெடிக்காமல், கை வைத்தால் அமுங்காத பழமாகப் பொறுக்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று அடிபட்டதையும் சேர்த்து வாங்காதீர்கள், அழுகல் ஒன்று போதும். கழுவித் துணியில் துடைத்து, நீளவாக்கில் இரண்டாகவோ பெரிதாக இருந்தால் நான்காகவோ வெட்டுங்கள். கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தூவி, எவர்சில்வர் அண்டாவிலோ பீங்கான் ஜாடியிலோ ஓர் இரவு வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தைத் தின்று காயில் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நிறையத் தண்ணீர் விட்டிருக்கும். அதைக் கீழே கொட்டாமல் வடித்து அன்றைய ரசத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், உப்பு தனியாகப் போடத் தேவையிருக்காது.

பாயின் மேல் சுத்தமான வேட்டி விரித்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். மேலே கொசுவலைத் துணி கட்டாயம். ஈயும் தூசியும் மட்டும் காரணம் இல்லை, மலையடிவாரத்து ஊர்களில் குரங்குக்காகவும்தான். பொழுது இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகலில் காய்ந்தது இரவில் மறுபடி ஈரம் வாங்கிவிடும். நல்ல வெயிலில் நான்கு நாள், மேகம் போட்டால் ஆறு நாள். இரண்டாம் நாள் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டை எடுத்து மடியுங்கள். தோல் செருப்பு வாரைப் போல வளைய வேண்டும், மடித்த இடத்தில் ஈரம் கசியக் கூடாது. அதற்குப் பிறகும் உடனே மூடி வைத்துவிடாதீர்கள். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி காய்ந்திருக்காது. கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். பாட்டிலின் உள்பக்கம் ஆவி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் கண்ணாடி தெளிவாக நின்றால் பிறகு இருட்டான இடத்தில் வைத்துவிடலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு நாள் வெயில் காட்டி எடுத்து வைத்தால் நல்லது.

சமைக்கும்போது ஒரு கைப்பிடி வற்றலைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரோடு சேர்த்து அரைத்துக் குழம்பில் ஊற்றுங்கள். புளிப்பும் நிறமும் தூக்கலாக இருக்கும். சட்னிக்கு அரைத்தால் புதுத் தக்காளியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். வெயிலில் காயும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடுகிறது, அதற்கு நெல்லிக்காயோ கொய்யாவோ தனியாகச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக வற்றலை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

அடுத்தது மாங்காய். நம் ஊரில் மாங்காயைப் பற்றி எழுதும்போது வயிறு எரிகிறது. சுற்றிலும் மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் 2025 ஜூனில் பெங்களூரா மாங்காய், கிளிமூக்கு என்கிறோமே அதுதான், கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. ஆலை வாசலில் வண்டிகள் நின்றன, மரத்திலேயே விட்டவர்கள் விட்டார்கள். நம் குழுக்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ நான்கு மாமரமாவது இருக்கும். அந்த ஆண்டு எத்தனை வீட்டில் மாங்காய் வற்றல் போட்டோம் என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

வற்றலுக்குப் பழுக்கிற வரை காத்திருக்க வேண்டாம். சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று அடிக்கும். மறுநாள் தோப்பெல்லாம் காய் உதிர்ந்து கிடக்கும். வியாபாரி அதை எடுக்க மாட்டார், எடுத்தாலும் காசு தர மாட்டார். அந்த உதிர்ந்த காய்தான் நமக்கு. அடிபட்டுக் கறுத்த இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, கொட்டையை நீக்கி விரல் கனத்துக்கு வெட்டி, கிலோவுக்கு 50 கிராம் உப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் பிசிறி, ஜாடி வாயில் வேடு கட்டி இரண்டு நாள் வையுங்கள். பிறகு துண்டுகளை மட்டும் பிழிந்து வெயிலில் போட்டு, சாயங்காலம் அதே உப்புத் தண்ணீரில் மறுபடி போடுங்கள். தண்ணீர் முழுக்க இழுத்து முடிகிற வரை இப்படியே. பத்துக் கிலோ காய்க்குச் சுமார் ஒரு கிலோ வற்றல் தேறும். பருப்பில் போடலாம், வற்றல் குழம்பு வைக்கலாம், கருவாட்டுக் குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான புளிப்பு கிடையாது. புளி வாங்குகிற செலவும் குறைகிறது. பழமாக மிஞ்சுவதைச் சாறு பிழிந்து, வெல்லம் கலந்து, ஓலைப்பாயில் நாளுக்கு ஒரு பூச்சாகப் பூசிக் காயவைக்கலாம். நம் அக்கம்பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் மாமிடி தாண்ட்ரா என்று கேட்டால் முறை சொல்லித் தருவார்கள். பிள்ளைகளுக்குக் கடை மிட்டாய் வாங்குகிற காசு மிச்சம்.

புளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. மாசி முதல் சித்திரை வரை கூலிக்குப் புளி தட்டுகிற கைகள் நம் கைகள்தான். ஊருக்கெல்லாம் கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நம் வீட்டுக்கு மட்டும் நூறு கிராம் பொட்டலமாக வாங்குகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதுப்புளி வருகிறபோது ஓடு உடைக்காததாகக் குழுவே மொத்தமாக வாங்கி, நீங்களே தட்டி, நார் எடுத்து, ஒரு நாள் வெயில் காட்டி, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்துவிட்டால் வருஷத்துக்குக் கவலையில்லை.

அவரைக்கொட்டை, துவரை, மொச்சையும் அப்படித்தான். மார்கழி, தையில் களிக்குப் பச்சையாகச் சாப்பிட்டது போக, மீதியைக் காயவைத்து எடுத்து வைக்க நம் பாட்டிமார் செம்மண் கட்டினார்கள். செம்மண்ணைக் கரைத்துப் பயறில் பூசிக் காயவைத்தால் வண்டு துளைக்காது. பிளாஸ்டிக் மூட்டையில் கட்டி வைத்து மூன்றாம் மாதம் மாவாகக் கொட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். கொத்தவரை, பாகல், கத்தரி, சுண்டை, மணத்தக்காளி என எல்லாம் வற்றலுக்கு உகந்தவை, முறை உங்களுக்கே தெரியும். பச்சை மிளகாய் மலிந்தால் மோர் மிளகாய். கீரையையும் முட்டைக்கோஸையும் வெள்ளரியையும் விட்டுவிடுங்கள். வருஷம் முழுக்கக் கிடைப்பதைப் பாடுபட்டுப் பதப்படுத்துவதில் காசு மிஞ்சாது.

ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள் ஃப்ரீசரைப் பயன்படுத்தலாம். தக்காளியை அரைத்து ஒரு கொதி விட்டு ஆறவைத்து டப்பாக்களில் வைக்கலாம். ஊட்டிப் பட்டாணி மலிகிறபோது உரித்து, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, ஈரம் துடைத்து வைக்கலாம். ஆனால் இதற்காகவே புதிதாக ஃப்ரிட்ஜுக்குத் தவணை கட்டாதீர்கள். கரண்ட் நின்றுபோகிற ஊர்களில் ஃப்ரீசரை நம்பி வருஷத்துச் சாமானை வைக்கவும் முடியாது.

இனிச் சொல்வது எச்சரிக்கை. இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

வெந்த காய்கறியைத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடி வைக்கிற முறையைச் செல்போன் வீடியோக்களில் காட்டுகிறார்கள். பீன்ஸ், பட்டாணி, சோளம், காளான் போன்ற புளிப்பில்லாத காய்களை வீட்டில் அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடத்தில் வளர்கிற ஒரு கிருமி இருக்கிறது. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். அதன் விதைகள் சாதாரணக் கொதியில் சாகாது. அது உண்டாக்குகிற நஞ்சு நரம்பைத் தாக்கி உயிரை எடுக்கும். நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் அந்த நஞ்சு இருக்கக்கூடும். பூண்டைப் பச்சையாக எண்ணெயில் மூழ்கவைத்து மாதக் கணக்கில் வெளியில் வைப்பதும் இதே ஆபத்துதான். நம் முறைகளில் புளிப்போ மிகுந்த உப்போ முழு வறட்சியோ ஏதாவது ஒன்று காவலுக்கு நிற்கிறது. அந்தக் காவலை எடுத்துவிட்டுப் புதுமை செய்ய வேண்டாம்.

வற்றலில் பூசணம் பூத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சமைக்காதீர்கள். மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மிளகாய் வற்றலிலும் நிலக்கடலையிலும் பிடிக்கிற சில பூசணங்களின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் முழுதும் போகாது. நட்டமாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயத்திலும் கவனம் தேவை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தமாக 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் குழுக்களில் நாற்பது தாண்டியவர்களில் ரத்த அழுத்த மாத்திரை போடாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே வற்றல் போட்ட குழம்புக்கு முதலில் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, ருசி பார்த்துப் பிறகு சேருங்கள். மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் உப்பிலேயே நிற்பவை, அவை தட்டின் ஓரத்தில் துளியாக இருக்கட்டும். அழுத்தம் இருக்கிறவர்களுக்கு அந்தத் துளியும் வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் குழுவாகச் செய்யச் சொல்கிறேன் என்றால், தனி ஒருத்தி இருபது கிலோ தக்காளி வெட்டி உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும். அன்றைய நூறு நாள் வேலையோ கூலியோ போனால் மிச்சம் எங்கே? பன்னிரண்டு பேர் அரிவாள்மணை எடுத்து வந்தால் கூட்டம் முடிவதற்குள் வேலை முடியும். மொத்தமாக எடுத்தால் மண்டி விலை கிடைக்கும். சில்லறைக் கடைக்குப் போகாமல் விளைவித்தவரிடமே நேராக வாங்கினால், ரோட்டில் கொட்ட இருந்தவருக்குப் பறிகூலியும் வண்டிச் சத்தமுமாவது கிடைக்கும். அவர் நம் குழுவிலேயே ஒருவருடைய வீட்டுக்காரராகவும் இருக்கலாம். தயவுசெய்து அவரிடம் அடிமாட்டு விலை பேசாதீர்கள். மார்க்கெட் இரண்டு ரூபாய் கேட்டால் நீங்கள் ஐந்து கொடுங்கள், அப்போதும் நமக்கு லாபம்தான்.

மொட்டைமாடி இல்லாத வீடுகள் நிறைய. காங்கிரீட் மாடி இருக்கிற ஒரு தோழியின் வீட்டை முறை வைத்துப் பயன்படுத்தலாம். பகலில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். வீட்டிலிருக்கிற வயதான அம்மாக்களிடம் கேளுங்கள், வற்றல் போடுகிற சூட்சுமம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கும் பங்கு கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் பெரிதாகச் செய்ய நினைக்கிற கூட்டமைப்புகள் வேளாண் பொறியியல் துறையில் சூரியக் கூடார உலர்த்திக்கு மானியம் கேட்டுப் பார்க்கலாம். தூசி, மழை, குரங்கு மூன்று தொல்லையும் தீரும். முறைகளில் சந்தேகம் இருந்தால் தருமபுரிப் பக்கத்தவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள் எலுமிச்சங்கிரியிலும் கேளுங்கள். சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

தை மாதக் கூட்டத்தில் ஊக்குநரிடம் சொல்லி இதை ஒரு பொருளாக எழுதவையுங்கள். மூன்று விஷயம் முடிவானால் போதும்: இந்த வருஷம் வீட்டுக்கு எத்தனை கிலோ தக்காளி, யார் வீட்டு மாடி, உள்கடனிலிருந்து எவ்வளவு முன்பணம். முதல் வருஷம் தக்காளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாங்காயும் புளியும் அடுத்த வருஷம் சேரட்டும். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் வேலையைக் கண்டு மலைத்துப் போய் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். வாங்கிய விலை, உப்பு, வண்டி என்று செலவை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஆடி மாதக் கூட்டத்தன்று தக்காளி என்ன விலை விற்கிறதென்று பார்த்து அதன் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு எப்படி வந்தது என்பதைப் பக்கத்து ஊர்க் குழுவுக்கும் சொல்லி அனுப்புங்கள். நட்டமாக வந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், எந்த இடத்தில் தவறியது என்று மற்ற குழுக்களுக்குத் தெரிய வேண்டும்.

கல்லுப்பை மட்டும் இப்போதே வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துவிடுங்கள். ஈர உப்பு வற்றலுக்கு ஆகாது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி